சீனி. வேங்கடசாமியின் ஊர்ப் பட்டியலைக் கையில் எடுங்கள்

தமிழ்நாடு அரசு தொல்லியல் துறைக்கு,

வணக்கம்.

மயிலை சீனி. வேங்கடசாமியின் 'பௌத்தமும் தமிழும்' 1940இல் வந்தது. அதில் ஒரு பகுதி முழுக்க ஊர்கள்தான். காவிரிப்பூம்பட்டினம், நாகப்பட்டினம், போதிமங்கை, பூதமங்கலம், காஞ்சி என்று பௌத்தம் இருந்த இடங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகிறார். 1954இல் 'சமணமும் தமிழும்' எழுதியபோது சமணத்துக்கும் இதையே செய்தார். அந்த ஊர்கள் அத்தனைக்கும் ஒருமுறை போய், இன்று என்ன மிச்சம் இருக்கிறது என்று பதிவு செய்யுங்கள். இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

அவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் இல்லை. 1900இல் மயிலாப்பூரில் ஒரு சித்த மருத்துவர் வீட்டில் பிறந்தார். ஓவியம் படிக்கப் போய், குடும்பச் சூழலால் பாதியில் விட்டார். 'திராவிடன்' இதழில் கொஞ்ச காலம் வேலை, அப்புறம் பள்ளி ஆசிரியர். திருமணம் செய்துகொள்ளவில்லை. அந்தச் சம்பளத்தில் வாழ்ந்துகொண்டுதான் இத்தனையும் எழுதினார்.

போதிமங்கையை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஊரைப் பற்றி நமக்குச் சொல்வது பெரியபுராணம். திருஞானசம்பந்தர் அவ்வழியே வந்தபோது புத்தநந்தி என்ற பௌத்தர் தலையில் இடி விழுந்ததையும், சாரிபுத்தன் என்ற இன்னொரு பௌத்தர் வாதில் தோற்றதையும் சேக்கிழார் பாடுகிறார். வென்றவர்களின் நூல் அது. அதையே சாட்சியாக வைத்து, தோற்றவர்கள் வாழ்ந்த ஊரை வரைபடத்தில் நிறுத்தினார் வேங்கடசாமி. பழித்துப் பாடிய பாட்டிலிருந்தும் வரலாற்றை எடுக்கலாம் என்று காட்டியவர் அவர். இந்தப் பொறுமைதான் அவரிடம் எனக்கு மிகப் பெரிதாகப் படுகிறது.

இந்த வேலை உங்களுக்குப் புதிதும் அல்ல. சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என்று வணங்கப்பட்ட சிலையை உங்கள் துறையின் குழுதான் நேரில் ஆராய்ந்து, புத்தர் என்று அறிக்கை கொடுத்தது. அதை ஏற்றுத்தான் 2022இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒருவர் வழக்குப் போட்ட பிறகு நடந்த ஆய்வு அது. மற்ற ஊர்களுக்கும் வழக்கு வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

சிலைகளைப் பெயர்த்துக்கொண்டு போகச் சொல்லவில்லை. படம் எடுங்கள், அளவு குறியுங்கள், ஊர்ப் பெரியவர்கள் அதை என்ன பெயரில் கும்பிடுகிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள், பக்கத்தில் ஒரு தகவல் பலகை வையுங்கள். அவருடைய நூல்கள் நாட்டுடைமை ஆகிவிட்டன. எனவே அவர் எழுதிய குறிப்பையும் நீங்கள் கண்டதையும் பக்கம் பக்கமாக வைத்து எல்லோரும் படிக்கும்படி வெளியிடத் தடை ஏதும் இல்லை. சோழநாட்டு ஊர்களிலிருந்து தொடங்குங்கள். அங்கேதான் புத்தர் சிலைகள் வயலிலும் குளக்கரையிலும் அதிகம் கிடைத்திருக்கின்றன.

அன்புடன்,
அவருடைய வாசகன்