மறுப்பதாக இருந்தால் வாசலிலேயே மறுக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் மெயில் சர்வரைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருபவன் நான். குப்பை மின்னஞ்சல்களைத் தடுக்கவே கூடாது என்பது என் வாதமன்று. 1978-இல் இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் சில நூறு பேருக்குப் போன ஒரு கணினி விளம்பரத்தில் தொடங்கிய தொல்லை எந்த அளவுக்கு வளர்ந்தது என்பதற்கு ஒன்றைச் சொன்னால் போதும்: 2008 நவம்பரில் அமெரிக்காவில் குப்பை அஞ்சல்காரர்களுக்கு சர்வர் இடம் கொடுத்துவந்த மெக்கோலோ என்ற ஒரே நிறுவனத்தின் இணைய இணைப்பைத் துண்டித்ததும், உலகெங்கும் குப்பை அஞ்சல் பாதிக்கும் மேல் குறைந்துவிட்டதாகக் கணக்கிட்டார்கள்.

ஆகவே, வீட்டு இணைப்புகளிலிருந்து, சர்வர்கள் தமக்குள் அஞ்சல் பரிமாறும் வாசலான 25-ஆம் எண் போர்ட் வழியாக நேரடியாக அஞ்சல் அனுப்புவதை இணைய சேவை நிறுவனங்கள் அடைத்து வைப்பதும், ஒரு சர்வர் வந்து கதவைத் தட்டியவுடன் அதன் ஐ.பி. முகவரி ஸ்பேம்ஹவுஸ் போன்ற தடைப்பட்டியல்களில் இருக்கிறதா என்று நொடிக்குள் விசாரித்துவிட்டு உள்ளே விடுவதும் நியாயமானவையே. தடுக்கும் முறையில்தான் எனக்குக் குறை இருக்கிறது.

சென்ற ஆண்டு எங்கள் அஞ்சல்கள் சில 550 என்ற மறுப்பு எண்ணுடன் திரும்பி வந்தன. எந்தப் பட்டியலில் எங்கள் முகவரி இருக்கிறது என்பதும் அந்த மறுப்பிலேயே எழுதியிருந்தது. விசாரித்ததில், எங்களுக்கு சர்வர் வாடகைக்குக் கொடுத்த நிறுவனத்தின் வேறொரு வாடிக்கையாளர் குப்பை அஞ்சல் அனுப்பியதால், அக்கம்பக்கத்து முகவரிகளையும் சேர்த்தே தடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரன் செய்த தப்புக்குத் தெருவையே அடைத்த கதைதான். இருந்தாலும் காரணம் தெரிந்ததால் மறுநாளே சரிசெய்ய முடிந்தது. அதில் எனக்கு வருத்தமில்லை.

இரண்டாவது அனுபவம் அப்படிப்பட்டதன்று. ஜெர்மனியிலுள்ள வாடிக்கையாளருக்குத் திருத்திய விலைப்பட்டியலை அனுப்பினோம். அவர் பயன்படுத்தும் பெரிய அஞ்சல் சேவையின் சர்வர் 250, அதாவது ‘ஏற்றுக்கொண்டேன்’, என்று பதில் சொல்லி அதைப் பெற்றுக்கொண்டது. எட்டு நாள் கழித்து அவரே தொலைபேசியில் அழைத்து, விலை வராததால் ஆர்டரை வேறிடத்தில் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். அஞ்சல் அவருடைய ஸ்பேம் பெட்டியில்கூட இல்லை. “மெயில் போச்சுங்களா, இல்லீங்களா?” என்று கேட்ட எங்கள் மெர்ச்சண்டைசரிடம் (ஆர்டர்களைக் கவனிப்பவர்), சர்வரின் பதிவேடான லாகில் இருந்த அந்த 250-ஐக் காட்டுவதைத் தவிர என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. மொத்தமாக அனுப்புவோரிடம் (கூகுளின் கணக்கில் நாளொன்றுக்குச் சுமார் 5,000 அல்லது அதற்கு மேல்) கூகுளும் யாஹூவும் 2024 பிப்ரவரி முதல் வற்புறுத்தும் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் என்ற, அனுப்புநர் போலியல்லர் என்று சரிபார்க்க உதவும் மூன்று ஏற்பாடுகளையும், அந்த எண்ணிக்கையின் பக்கமே போகாத நாங்கள் அதற்கு முன்பே வைத்திருந்தோம்.

250 என்பது வெறும் மரியாதைச் சொல் அன்று. இந்த அஞ்சலை உரியவரிடம் சேர்ப்பேன், முடியாவிட்டால் அனுப்பியவருக்குத் தெரிவிப்பேன் என்று பொறுப்பேற்பதே அதன் பொருள் என 2008-இல் வெளியான அஞ்சல் நெறிமுறை சொல்கிறது. மோசடி அஞ்சல் என்பது போன்ற மிக உறுதியான காரணம் இருந்தால் மட்டுமே சத்தமில்லாமல் தூக்கிப்போடலாம் என்கிறது. விலைப்பட்டியலுக்கும் மோசடிக்கும் வித்தியாசம் தெரியாத வடிகட்டி, சந்தேகம் வந்தால் வாசலிலேயே 550 சொல்லிவிட்டுப் போகட்டுமே! கடிதத்தை வாங்கிக்கொண்டு அடுப்பில் போடும் தபால்காரரை எந்த ஊரிலாவது பொறுத்துக்கொள்வார்களா?

நம் நாட்டில் இதை யாரிடம் முறையிடுவது என்பதும் விளங்கவில்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அமைப்பின் 2018-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை வணிக நோக்கிலான தொலைபேசி அழைப்புகளையும் குறுஞ்செய்திகளையும் பற்றியது. மின்னஞ்சல் அதன் வரம்பில் இல்லை. அஞ்சல் பெறும் ஒவ்வொரு சர்வரும் ‘போஸ்ட்மாஸ்டர்’ என்ற முகவரியில் புகார்களைப் பெற வேண்டும் என்பதும் அதே நெறிமுறையின் விதிதான். அந்தச் சேவையின் போஸ்ட்மாஸ்டருக்கு நான் இருமுறை எழுதினேன். இரண்டுக்கும் 250 என்று பதில் வந்தது, வேறெதுவும் வரவில்லை.

இப்படிக்கு,
மெயில் சர்வர் பராமரிப்பாளர் ஒருவர்,
திருப்பூர்.