உப்புவெளி வீட்டுக்கு

ஸ்காபரோ, கனடா,
ஞாயிறு இரவு.

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். உங்கள் முழங்கால் வலியைப் பற்றித் தங்கச்சி மழுப்புகிறாள், நீங்களே எழுதுங்கள். இங்கே மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது. வேலை முடிந்து இரண்டு பஸ் மாறி வந்தால், சின்னவள் கதவடியிலேயே பசி என்று நிற்பாள்.

போன கிழமை வீடியோவில் அவளுடைய கோப்பையைப் பார்த்துவிட்டு, "பிள்ளைக்குப் பெட்டிச் சாப்பாடா கொடுக்கிறாய்?" என்று கேட்டீர்கள். நான் கதையை மாற்றிவிட்டேன். இரண்டு நாள் அது நெஞ்சுக்குள் கிடந்து உறுத்தியது.

அது மக்ரோனியும் சீஸ் தூளும் அடைத்த மட்டைப் பெட்டி, அம்மா. அவித்து, தூளைக் கொட்டி, பாலும் பட்டரும் சேர்த்துக் கிளறினால் கால் மணித்தியாலத்தில் இரவுச் சாப்பாடு. 1937 இல், பொருளாதார மந்த காலத்தில், 19 சதத்துக்கு நான்கு பேர் சாப்பிடலாம் என்று விற்கத் தொடங்கினார்கள். நீங்கள் பாண் வரிசையில் நின்ற கதையைக் கேட்டு வளர்ந்த எனக்கு அதன்மேல் கோபம் வரவில்லை. ஆனால் பெட்டியைத் திருப்பி வாசித்தேன். சோடியம் நாளாந்த அளவில் 5 வீதம் அல்லது குறைவு என்றால் கொஞ்சம், 15 அல்லது கூட என்றால் அதிகம் என்பது இங்குள்ள சுகாதார அமைச்சின் கணக்கு. பெட்டியில் 15 ஐத் தாண்டியிருந்தது, அதுவும் ஒரு பங்குக்கு. இவளோ இரண்டு பங்கு சாப்பிடுபவள். உப்புவெளியில் பிறந்தவள் உப்பின் கணக்கை மட்டைப் பெட்டியில் படிக்கிறேன், பாருங்கள்.

சனிக்கிழமை நானே செய்தேன். இரண்டு மேசைக்கரண்டி பட்டரில் அதே அளவு கோதுமை மாவைப் பச்சை வாசம் போக வறுத்து, இரண்டு கப் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் காய்ச்சினேன். நீங்கள் அப்பத்துக்குக் கப்பி காய்ச்சும் பதம் அப்படியே வந்தது. அந்தச் சந்தோஷத்தில் அடுப்பை அணைக்காமல் சீஸைப் போட்டேன். எண்ணெய் தனி, ரப்பர் தனி. அதை நானும் இவரும் பாணோடு தின்று முடித்தோம்.

இரண்டாம் முறை அடுப்பை அணைத்து, சற்று ஆறவிட்டுத்தான் சீஸ் போட்டேன். கட்டியாக வாங்கி நானே துருவினேன். துருவி விற்பதில் ஒட்டாமலிருக்க மாப்பொருள் தூவுகிறார்கள், நன்றாக உருகாது. நாள்பட முதிரவைத்த செடார் சீஸ் என்றால் சுவை தூக்கலாக இருக்கும், கொஞ்சமே போதும். மிச்சத் தடிப்புக்கும் அந்தப் பெட்டி மஞ்சளுக்கும் ஒரு கப் பூசணிக்காய் மசியல், ஒரு சிட்டிகை மஞ்சள் தூள், ஒரு பிடி பச்சைப் பட்டாணி. உப்புப் போடவேயில்லை, சீஸில் இருப்பதே போதும். இவர் தன் பங்கின்மேல் கட்டைச் சம்பலை வைத்துக் குழைத்தார். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

முக்கால் மணித்தியாலம் பிடித்தது. வேலை நாளில் முடியாது என்று பூசணி மசியலை ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்திருக்கிறேன்.

சின்னவள் முதல் கரண்டியோடு "நிறம் சரியில்லை" என்றாள். பிறகு பட்டாணியை ஒவ்வொன்றாகக் கோப்பையின் விளிம்பில் ஒதுக்கி வைத்துவிட்டு மிச்சத்தை வழித்துச் சாப்பிட்டாள்.

இன்னும் இரண்டு பெட்டி அலுமாரியின் மேல்தட்டில், அரிசி வாளிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன். இன்று காலை அலுமாரியடியில் ஒரு கதிரை கிடந்தது.

அன்புடன்,
உங்கள் மகள்