வெண்புள்ளி உள்ளவர்கள் கூடிப் பேச ஓர் இடம்

ஐயா,

தோலுக்கு நிறம் தரும் செல்களை உடலின் எதிர்ப்பு சக்தியே அழிப்பதால் வருவது வெண்புள்ளி. தொட்டால் ஒட்டாது, தொழுநோய்த் தேமல் போல உணர்ச்சி மரத்துப்போகாது. 'வெண்குஷ்டம்' என்ற சொல்லை இன்னும் பிடித்துக்கொண்டிருப்பது கொடுமை.

வேலூரில் வெண்புள்ளி உள்ளவர்கள் மாதம் ஒருமுறை கூடிப் பேச வேண்டும். பத்துப் பேர் போதும். மருந்து விற்பவர்களுக்கும், கேட்காமல் படமெடுப்பவர்களுக்கும் அங்கே இடம் கூடாது. கூடினால் சிகிச்சையைத் தொடரவும் துணை கிடைக்கும். தோலில் புற ஊதா ஒளி படவைக்கும் ஒளி சிகிச்சையை வாரம் இரண்டு மூன்று முறை, பல மாதங்கள் எடுக்க வேண்டும். முகம் சீக்கிரம் நிறம் பிடிக்கும். விரல் நுனியும் பாதமும் எளிதில் மசியாது. இது தெரியாமல், பஸ் செலவும் ஒருநாள் கூலியும் போகிறதே என்று பாதியில் விடுகிறார்கள். குடியாத்தத்திலிருந்து இருவர் சேர்ந்து வந்தால் அவ்வளவு லேசில் நிறுத்தமாட்டார்கள்.

தோல் பதனிடும் தொழிலாளர்கள் கவனிக்க: ரப்பர் கையுறையில் இருந்த வேதிப்பொருளால் கைகள் வெளுத்ததை அமெரிக்கத் தோல் தொழிற்சாலை ஒன்றில் 1939-லேயே கண்டறிந்தார்கள். கையுறை, ரப்பர் செருப்பு வார், ஸ்டிக்கர் பொட்டுப் பசை பட்ட இடம் வெளுத்தால் அன்றே அதை விட்டுவிட்டுத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். வெண்புள்ளி உள்ளவர்களுக்குத் தைராய்டு கோளாறும் சேர்ந்து வரலாம் என்பதால், அந்தப் பரிசோதனையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

ஜூன் 25 உலக வெண்புள்ளி நாள். முதல் கூட்டத்தை அன்றே வைக்கலாம்.

வாசகர்கள், வேலூர்