சிமுலேட்டரில் ரிமோட்டை இணைப்பது பற்றி

மண்டபம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மாவுக்கு முட்டிவலி இப்போது பரவாயில்லை. சரி, உன் ரிமோட் விமான விஷயத்துக்கு வருகிறேன். நிஜமாகப் பறக்கவிடும் முன் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பழகும் சிமுலேட்டரில் அதன் ரிமோட்டை இணைப்பது பற்றிக் கேட்டிருந்தாய்.

யூஎஸ்பி கேபிளை மாட்டியும் கம்ப்யூட்டர் ரிமோட்டைக் கண்டுகொள்ளவில்லை என்றாயே, முதலில் கேபிளை மாற்று. மலிவான கேபிள்கள் பலவற்றில் சார்ஜ் ஏறுவதற்கான கம்பி மட்டும்தான் இருக்கும், டேட்டா போகும் கம்பி இருக்காது. நல்ல கேபிள் போட்டால், உன்னுடையது எட்ஜ்டிஎக்ஸ் என்ற மென்பொருளில் ஓடும் ரிமோட் என்பதால், ஜாய்ஸ்டிக்கா ஸ்டோரேஜா என்று ரிமோட்டின் திரையில் கேட்கும். ஜாய்ஸ்டிக் கொடு.

பழைய ரிமோட்டுகளில் டிரெய்னர் சாக்கெட்டிலிருந்து (இன்னொரு ரிமோட்டை இணைத்துக் கற்றுக்கொடுப்பதற்கான துளை) பிபிஎம் என்ற துடிப்பு வடிவ சிக்னலை எடுத்து, டாங்கிள் என்ற சின்ன மாற்றுக் கருவி வழியாகத்தான் யூஎஸ்பிக்குக் கொண்டுவர வேண்டும். அந்த சிக்னலைக் கடையில், அலையைத் திரையில் காட்டும் ஆஸிலாஸ்கோப்பில் பார்த்திருக்கிறேன். ஸ்டிக்கின் ஒவ்வொரு அசைவும் ஒரு சேனல், சேனலுக்கு ஒரு துடிப்பு. ஸ்டிக் நடுவில் நின்றால் 1500 மைக்ரோசெகண்ட், ஓரங்களில் சுமார் 1000, 2000. எல்லாச் சேனலும் ஒரே கம்பியில் வரிசையாக வரும். யோசித்தவன் கெட்டிக்காரன்!

அப்புறம், ரிமோட்டில் சிமுலேட்டருக்கென்றே புதிதாக ஒரு மாடல், அதாவது தனி செட்டிங், போடு. மிக்ஸ் (ஒரு சேனல் இன்னொன்றையும் அசைப்பது), எக்ஸ்போ (நடுவில் ஸ்டிக்கின் வேகத்தைக் குறைப்பது) எதுவும் வேண்டாம். நடுநிலையைச் சற்று நகர்த்தும் டிரிம் எல்லாம் நடுவில். விமானத்துக்கு சிக்னல் அனுப்பும் ரேடியோ மாட்யூலை அதில் அணைத்துவிடு, பேட்டரி மிச்சம். ஸ்டிக்கின் எல்லைகளைச் சிமுலேட்டருக்குக் காட்டும் காலிபரேஷனுக்கு ஸ்டிக்குகளை மூலைக்கு மூலை முழுதாகச் சுற்றிவிட்டு நடுவில் விடு. மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திராட்டில் ஸ்டிக் தானாக நடுவுக்கு வராது, நீதான் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். ஏதாவது சேனல் தலைகீழாக வேலை செய்தால் சிமுலேட்டரில் மட்டும் ரிவர்ஸ் கொடு. இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் மாற்றினால், எது எதைக் கெடுத்தது என்று தெரியாமல் ராத்திரி பூராவும் உட்கார்ந்திருப்பாய்.

விமானம் உன்னைப் பார்த்து வரும்போது இடம் வலமாகிவிடும். அதையே அதிகம் பழகு. காற்றில்லாத வானத்தில் சுற்றிக்கொண்டே இருக்காதே. கச்சான் காற்று அடித்தால் நம் ஊர் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவிடுவார்கள். உன் தெர்மாகோல் விமானத்துக்கு அதில் பாதி போதும், கடலுக்குப் போய்விடும். சிமுலேட்டரில் 10 கிலோமீட்டர் காற்று வைத்துத் தொடங்கு, குறுக்குக் காற்றில் இறக்கிப் பார், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்று.

பொங்கலுக்கு விமானத்தைக் கொண்டுவர வேண்டாம். உச்சிப்புளியில் கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து விமானதளம் இருக்கிறது. அந்தப் பக்கம் அனுமதி இல்லாமல் எதையும் பறக்கவிடக் கூடாது. ரிமோட்டும் லேப்டாப்பும் போதும். தம்பி இப்போதே தனக்கும் வேண்டும் என்று நச்சரிக்கிறான், அவனுக்கும் கொஞ்சம் சொல்லிக்கொடு.

அன்புடன்,
அப்பா