கையெழுத்து கோணினால் கண்ணையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் மருத்துவப் பக்கத்தில் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, முட்டிவலி என்று மாறி மாறி வருகிறது, வேண்டாம் என்று சொல்லவில்லை. உடம்பில் செம்பு தங்கிவிடுகிற வில்சன் நோயைப் பற்றியும் அரைப் பக்கம் போடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். என் அக்கா மகனுக்கு அந்த நோய். பத்தாம் வகுப்பில் தொடங்கியது, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வெல்லாம் முடிந்த பிறகுதான் எங்களுக்குப் பெயரே தெரிந்தது.

முதலில் கையெழுத்து போனது. அழகாக எழுதுகிற பையன், எழுத்து பொடிப்பொடியாகக் குறுகி யாராலும் படிக்க முடியாமல் ஆகிவிட்டது. அப்புறம் பேச்சு குழறியது, வாயோரம் எச்சில் வடிந்தது, டம்ளரைத் தூக்கினால் கை நடுங்கியது, தொட்டதற்கெல்லாம் கோபம். பள்ளியில் செல்போன் பழக்கம் என்றார்கள். சொந்தக்காரர்களில் பாதிப் பேர் காற்று கருப்பு என்றார்கள், கோயிலில் ஒரு மண்டலம் தங்க வையுங்கள் என்றார்கள். மனநல மருத்துவர் ஒருவரிடமும் போனோம், அவர் கொடுத்த மாத்திரையில் உடம்பு இன்னும் விறைத்துப் போனது. அந்த மருத்துவரைக் குறை சொல்லிப் பயனில்லை, இந்த நோய் பல பேருக்கு மனநோய் மாதிரிதான் தலைகாட்டும், அந்த வகை மாத்திரைகளும் இவர்களுக்குச் சட்டென்று ஒத்துக்கொள்ளாது. இத்தனைக்கும் பையனுக்குச் சின்ன வயதில் ஒரு முறை மஞ்சள் காமாலை வந்து, கீழாநெல்லி கொடுத்து இறங்கியிருந்தது. அதை எந்த இடத்திலும் யாரும் கேட்கவே இல்லை.

கடைசியில் ஒரு அரசு மருத்துவமனை நரம்பு மருத்துவர்தான் அதைக் கேட்டார். கேட்ட கையோடு ஸ்கேனுக்கு எழுதாமல் கண் பிரிவுக்கு அனுப்பினார். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அங்கே ஸ்லிட் லேம்ப் கருவியில் பார்த்தால் கருவிழியின் ஓரத்தில் பழுப்பும் பச்சையுமாக ஒரு வளையம். கைசர்-ஃபிளைஷர் வளையம் என்று அதற்குப் பெயர், செம்பு படிந்து உண்டாவது. மூளை வரைக்கும் நோய் போனவர்களில் அநேகமாக எல்லோருக்கும் இந்த வளையம் இருக்கும்.

விஷயம் இதுதான். சாப்பாட்டில் வருகிற செம்பில் மிஞ்சியதை ஈரல் பித்தநீர் வழியாக வெளியே தள்ள வேண்டும். அதற்கான ஏடிபி7பி என்ற மரபணு பழுதானால் செம்பு முதலில் ஈரலில் தங்கும், பிறகு மூளையில் ஏறும். லண்டனில் கின்னியர் வில்சன் என்ற மருத்துவர் 1912-லேயே இதை விரிவாக எழுதிவிட்டார், 1956-ல் செம்பை உடம்பிலிருந்து வெளியேற்றுகிற பெனிசில்லமைன் மருந்தும் வந்துவிட்டது. அதாவது மருந்து இருக்கிற நோய் இது, சீக்கிரம் பிடித்தால் பிள்ளை படிக்கலாம், வேலைக்குப் போகலாம். பொதுவாக 30,000 பேரில் ஒருவருக்கு வரும் என்பார்கள். அப்பா, அம்மா இரண்டு பேரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் நோய் என்பதால் சொந்தத்தில் கல்யாணம் செய்யும் குடும்பங்களில் வாய்ப்பு கூடுதல். எங்கள் அக்காவைக் கொடுத்ததும் அத்தை மகனுக்குத்தான்.

ரத்தத்தில் செம்பைச் சுமக்கிற செருலோபிளாஸ்மின் என்ற புரதத்தின் அளவு, 24 மணி நேரச் சிறுநீரில் செம்பு, இரண்டையும் பார்ப்பார்கள். ரத்தப் பரிசோதனை மட்டும் சரியாக இருக்கிறது என்று விட்டுவிடக் கூடாது, சிலருக்கு அது சரியாகவே காட்டும்.

எல்லாவற்றையும் விட முக்கியமான ஒன்று. ஒரு பிள்ளைக்கு இருந்தால் கூடப்பிறந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. பையனின் தங்கைக்கு ஒரு தொந்தரவும் கிடையாது, கபடி ஆடுகிற பெண். அந்த மருத்துவர் பிடிவாதமாகப் பரிசோதிக்கச் சொன்னார், அவளுக்கும் இருந்தது. இப்போது துத்தநாக மாத்திரை சாப்பிடுகிறாள், இன்றும் கபடி ஆடுகிறாள். அண்ணனுக்கு மருந்து ஆரம்பித்த புதிதில் நடுக்கம் இன்னும் கூடியது, சிலருக்கு அப்படி ஆகுமாம். பயந்து நாமாக நிறுத்திவிடாமல் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டிய மருந்து, நடுவில் விட்டால் உயிருக்கே ஆபத்து. எங்கள் ஊர் மருந்துக்கடைகளில் அது கிடைப்பதில்லை, மதுரையிலிருந்து வரவழைக்கிறோம். அது தனிக் கதை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். செம்புக் குடத்துத் தண்ணீர் நல்லது என்று எல்லாப் பத்திரிகையிலும் குறிப்பு வருகிறது. அதனால் இந்த நோய் வருவதில்லை, ஆனால் இந்த நோய் உள்ளவர்களுக்கு அது ஆகாது. பையன் இளைத்துக்கொண்டே போகிறானே என்று நாங்கள் வாராவாரம் ஆக்கிப் போட்ட ஆட்டு ஈரலும் ஆகாது, செம்பு மிகுந்த உணவு அது. நண்டு, முந்திரி, காளான், சாக்லேட் எல்லாமே அந்தப் பட்டியலில் வரும்.

பள்ளிகளுக்கு வரும் மருத்துவக் குழு பல்லும் பார்வையும் பார்க்கிறது. திடீரென்று கையெழுத்து கெட்டு, பேச்சு குழறி, மார்க் சரிகிற பிள்ளைகள் யாராவது உண்டா என்று வகுப்பாசிரியரிடம் கேட்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? சுகாதாரத் துறை இதை யோசிக்கலாம்.

நீங்கள் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் எழுதி வாங்கிப் போடுங்கள். அந்தக் கண் வளையத்தின் படத்தையும் கலரில், கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள். சலூனில் உட்கார்ந்து பேப்பர் புரட்டுகிறவர் கண்ணில் கட்டுரையை விடப் படம்தான் படும்.

- ஒரு தாய்மாமன்,
திண்டுக்கல் மாவட்டம்