மெயிலைத் திறந்ததற்கு ஒரு மெமோ

பல்கலைக்கழகக் கணினி மையப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். மெயில் பெட்டியிலிருந்து மாணவர்களின் தகவல்கள் வெளியே போனதற்காகத் தேர்வுப் பிரிவு உதவியாளருக்கு மெமோ போன விவரம் தங்களுக்குத் தெரியும். கையெழுத்து துணைப் பதிவாளருடையது என்றாலும் அடிப்படை அறிக்கை தங்கள் மையத்திலிருந்து போனது. "சந்தேகத்துக்குரிய லிங்க்கைச் சொடுக்கியதால்" என்று அதில் ஒரு வரி இருக்கிறது. அந்த வரிக்காகத்தான் இந்த மடல்.

அந்த அம்மா எதையும் சொடுக்கவில்லை. மறுமதிப்பீடு பற்றி மாணவர் எழுதியதுபோல் வந்த மெயிலைத் திறந்தார், படித்தார், மூடினார். அதைச் செய்யத்தானே அவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறோம்?

மெயிலுக்கு எழுத்தலங்காரமும் படமும் தரும் எச்டிஎம்எல் குறிமொழியில் ஸ்கிரிப்ட், அதாவது பிரவுசரில் தானாக ஓடும் கட்டளைகள், இருந்தால் அதைக் களைந்துவிட்டுத்தான் வெப்மெயில் (பிரவுசரிலேயே மெயில் பார்க்க உதவும் மென்பொருள்) திரையில் காட்ட வேண்டும். களையும் இடத்தில் ஓட்டை இருந்தால், ஒரு படத்தைக் காட்டும் குறியில் ஒட்டிக்கொண்டு வரும் நாலு வரி ஸ்கிரிப்ட் பிரவுசரில் ஓடிவிடும். லாகின் செய்திருப்பவர் அந்தப் பெட்டியில் எதையெல்லாம் செய்யலாமோ, அநேகமாக அதையெல்லாம் அதுவும் செய்யும். பாஸ்வேர்டு அதற்குத் தேவையே இல்லை.

தங்கள் ஆட்கள் சொன்னபடி அவர் மூன்று முறை பாஸ்வேர்டை மாற்றினார். பூட்டை மாற்றினோம், கொல்லைக் கதவைப் பார்க்கவில்லை. அந்த ஸ்கிரிப்ட் செட்டிங்ஸில் வைத்துவிட்டுப் போன ஒரு ஃபில்டர் உட்கார்ந்துகொண்டு, வரும் மெயிலுக்கெல்லாம் ஒரு நகலை வெளி முகவரிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. பதினோரு நாள்! கட்டணத்தைத் திரும்பக் கேட்ட பிள்ளைகள் அனுப்பிய பாஸ்புக் நகல்களும் அதில் போயின. இப்போது அவரே ஒவ்வொருவருக்கும் போன் போட்டு மன்னிப்புக் கேட்கிறார். "நீங்க ஏதோ லிங்க்கை அமுக்கிட்டீங்களாமே மேடம்?" என்று ஒரு பையன் கேட்டானாம். தங்கள் வரி அவன்வரைக்கும் போய்விட்டது.

இது புதிய வித்தை அல்ல. 2006இல் யாஹூ மெயிலில் பரவிய யமானர் புழுவுக்கும் மெயிலைத் திறந்தாலே போதுமாயிருந்தது. 2023 அக்டோபரில் ஐரோப்பிய அரசு அலுவலகங்களைக் குறிவைத்து, ரவுண்ட்கியூப் என்ற இலவச வெப்மெயில் மென்பொருளில் இருந்த இப்படியொரு ஓட்டை வழியாக மெயில்கள் அனுப்பப்பட்டன. ஈசெட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அதை ரவுண்ட்கியூப்காரர்களுக்கு 12ஆம் தேதி சொன்னது. 16ஆம் தேதி திருத்திய பதிப்புகள் வெளிவந்துவிட்டன. இலவசமாக மென்பொருள் தருபவர்களுக்கு நான்கு நாள் போதுமாயிருந்தது.

நம்முடைய மென்பொருள் எது என்று இங்கே எழுதமாட்டேன், இன்னொருவனுக்கு வழிகாட்டியதாகிவிடும். ஆனால் அதன் 'அபவுட்' பக்கத்தில் பதிப்பு எண் எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது. அதற்கான திருத்தம் வந்த பிறகு நம் வளாகத்தில் இரண்டு பட்டமளிப்பு விழாக்கள் முடிந்துவிட்டன. ஐயா, அப்டேட் செய்யுங்கள். கேட்பது அவ்வளவுதான்.

அதற்குப் பதிலாக விழிப்புணர்வு முகாம் நடத்தப்போவதாகச் சுற்றறிக்கை வந்திருக்கிறது. 'அறியாத லிங்க்கைச் சொடுக்காதீர்' என்று பேனர்கூடத் தயார். மெயிலையே திறக்காதீர் என்று போட்டிருந்தால் இன்னும் பொருத்தமாயிருக்கும். வாசலில் எல்இடி பலகைக்கு டெண்டர் விட ஆள் இருக்கிறது, சர்வரைக் கவனிக்க ஒரு தற்காலிகப் பணியாளர். அந்தத் தம்பிக்கும் நான்கு மாதச் சம்பளம் பாக்கி என்று கேள்வி. பேச்சு எங்கோ போகிறது, பொறுத்தருள்க.

வெப்மெயிலை அப்டேட் செய்யுங்கள். அதுவரை எச்டிஎம்எல்லை நிறுத்தி, எல்லா மெயிலும் வெற்று எழுத்தாகத் தெரியும்படி வையுங்கள். அழகு குறைந்தால் குறையட்டும். மற்றவர்கள் கணக்கிலும் இப்படி ஃபில்டர் இருக்கிறதா என்று பாருங்கள். என்னுடையதையும் சேர்த்துத்தான்.

அவர் விளக்கம் கொடுக்கக் கடைசி நாள் வரும் செவ்வாய். அதற்குள் அந்த வரியை நீக்கி, திருத்திய அறிக்கையைத் துணைப் பதிவாளருக்கு அனுப்பிவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கணிதத் துறை உதவிப் பேராசிரியர் ஒருவர்