மார்ச்சில் பாதியில் வைத்த போன்

சிங்கப்பூர்,
31.12.2015

அன்பு பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். வாரத்துக்கு இரண்டு தடவை பேசுகிறோம், ஆனாலும் இந்த வருஷத்தைப் பற்றி ஒழுங்காக நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மார்ச் மாதம் போனைப் பாதியில் வைத்தது நான்தான். அது மனதில் கிடந்து உறுத்துகிறது.

மார்ச் 23, அதிகாலை 3.18க்கு நம் முதல் பிரதமர் லீ குவான் யூ காலமானார். நிமோனியா என்று பிப்ரவரி 5ஆம் தேதியே மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். 91 வயது, எதிர்பார்த்ததுதான். இருந்தும் விடியற்காலை டிவியில் செய்தி கேட்டபோது அம்மா அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அன்று மாலைதான் நீ மெல்பர்னிலிருந்து கூப்பிட்டாய். விசாரணையே இல்லாமல் ஆட்களை உள்ளே போட்டவருக்கா இத்தனை அழுகை என்று கேட்டாய். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது, போனை வைத்துவிட்டேன்.

26ஆம் தேதி ராத்திரி நான் தனியாகப் பாடாங் திடலுக்குப் போனேன், வரிசை அங்கேதான் தொடங்கியது. கூட்டம் தாங்காமல், அவர் உடலை வைத்திருந்த நாடாளுமன்றக் கட்டடத்தை ராப்பகலாகத் திறந்து வைத்திருந்தார்கள், ரயிலும் பஸ்ஸும் விடிய விடிய ஓடின. வரிசையில் எனக்கு முன்னால் ஒரு சீனப் பாட்டி, கையில் மடக்கு நாற்காலி. வரிசை பத்தடி நகரும், பாட்டி நாற்காலியை மடக்குவார், நடப்பார், மறுபடி விரிப்பார். கொஞ்ச நேரத்தில் எனக்குப் பின்னால் நின்ற மலாய்ப் பையன் அந்த நாற்காலியை வாங்கி வைத்துக்கொண்டான். அப்புறம் விடியும்வரை அவன்தான் மடக்கினான், விரித்தான். மூன்று பேருக்கும் பொதுவாக ஒரு பாஷை சரியாக அமையவில்லை. யாரோ தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள், பாட்டி அதைத் திறக்க முடியாமல் என்னிடம் நீட்டினார். உள்ளே போனபோது மணி ஐந்து இருக்கும். கொடி போர்த்திய பெட்டி, சுற்றி தலை குனிந்து நிற்கும் அதிகாரிகள். இரண்டு நொடிதான். கைகூப்பிவிட்டு வெளியே வந்துவிட்டேன். நான்கு நாளில் நாலரை லட்சம் பேர் அப்படிப் போய் வந்தார்கள் என்று பிறகு சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை இறுதி ஊர்வலத்தன்று கொட்டு கொட்டென்று மழை. ஒருவரும் நகரவில்லை.

நான் ஏன் போனேன் தெரியுமா? உன் தாத்தாவுக்காகத்தான். தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர் அவர். 1955இல் லீ அந்தத் தொகுதியில்தான் முதன்முதலாக ஜெயித்தார். கைநாட்டு வைத்துச் சம்பளம் வாங்கின உன் தாத்தா, தன் பெயரில் வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டுச் சாவி கிடைத்த அன்று அதை இடுப்பு வேட்டியில் முடிந்துகொண்டு தூங்கினாராம். நம் தமிழ் இங்கே ஆட்சிமொழிகளில் ஒன்றாக இருப்பதையும் கடைசிவரை பெருமையாகச் சொல்வார். அவர் உயிரோடு இருந்திருந்தால் முதல் ஆளாக வரிசையில் நின்றிருப்பார்.

ஆனால் நீ சொன்னதும் பொய்யில்லை, பாப்பா. 1963இல் ஒரே நடவடிக்கையில் நூறு பேருக்கு மேல் பிடித்துப்போனார்கள். எதிர்க்கட்சி எம்.பி.யாக இருந்த சியா தை போ 23 வருஷம் விசாரணை இல்லாமலே உள்ளே இருந்தார். அந்த வீடுகளில் இந்த மார்ச் மாதம் எப்படிப் போயிருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை. நீ கேட்ட பிறகுதான் யோசிக்கிறேன்.

ஜூன் 5 பற்றி எழுதத்தான் கை வரவில்லை. அன்று சாயங்காலம் இங்கே தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டி தொடக்க விழா. காலையிலேயே மலேசியாவின் சபாவில் நிலநடுக்கம். கினபாலு மலையில் இருந்த தஞ்சோங் கத்தோங் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் ஏழு பேர், ஆசிரியர்கள் இரண்டு பேர், கூடப்போன சிங்கப்பூர் வழிகாட்டி ஒருவர், எல்லாரும் போய்விட்டார்கள். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள்! அம்மாவிடம் டியூஷன் வரும் பிள்ளைகளுக்கும் அதே வயசு. அடுத்த வகுப்பில் அம்மா பாடமே எடுக்கவில்லை, ஆளுக்கொரு மைலோ கலந்து கொடுத்து அனுப்பிவிட்டாள். 8ஆம் தேதி நாடு முழுக்கக் கொடி அரைக்கம்பத்தில் பறந்தது, போட்டி நடந்த இடங்களில் மௌன அஞ்சலி. அந்தப் போட்டிகளில் நமக்கு 84 தங்கம் கிடைத்தது. ஜோசப் ஸ்கூலிங் மட்டும் ஒன்பது. சந்தோஷப்பட்டோம்தான், ஆனால் வாய்விட்டுக் கொண்டாட முடியவில்லை.

ஆகஸ்ட் 9, நாட்டுக்கு 50 வயசு. காலை ஒன்பது மணிக்குச் சங்கு ஊதியது. அப்புறம் சுதந்திரப் பிரகடனத்தை லீ படிக்கும் குரல் ஒலித்தது. உயிரோடு இருந்தபோதே பதிவு செய்து வைத்திருந்தார்களாம். கீழே காப்பிக் கடையில் சத்தமே இல்லை, கிளாஸில் கரண்டி கலக்கும் ஒலிகூட நின்றுபோனது.

செப்டம்பரில் தேர்தல், ஆளுங்கட்சிக்கு 89 இடங்களில் 83. அந்த மாதமே புகைமூட்டம். 25ஆம் தேதி தொடக்கப்பள்ளி, உயர்நிலைப்பள்ளி எல்லாம் மூடினார்கள். ஜன்னலைச் சாத்தி ஈரத்துணி சொருகியும் அம்மாவுக்கு இருமல் நிற்கவில்லை. இப்போது நன்றாக இருக்கிறாள், கவலைப்படாதே.

போன ஞாயிற்றுக்கிழமை டவுன்டவுன் ரயில் பாதையில் புதிய பகுதி திறந்தார்கள். அம்மாவும் நானும் அதில் ஏறி லிட்டில் இந்தியாவில் இறங்கி, தேக்கா சந்தையில் உனக்குப் பிடித்த முறுக்கு வாங்கினோம். பார்சலில் வருகிறது.

விசாரணை இல்லாமல் சிறையில் இருந்தவர்களைப் பற்றி நீ படித்த புத்தகத்தின் பெயரை எழுதி அனுப்பு. நான் தேடி வாங்கிக்கொள்கிறேன். படித்து முடித்ததும் நானே போன் பண்ணுகிறேன், நீ முழுசாகப் பேசு.

அன்புடன்,
அப்பா